ஏழாவது வளைவில் அணையும் விளக்கு

அக்டோபர் 15, செவ்வாய்

வண்டிக்கென்று இன்று தனி நோட்டு போடுகிறேன். எனக்கு ஞாபகம் தப்புகிறது என்று ஒருவன் வாய் கூசாமல் சொல்லிவிட்டான். இனி நடப்பது எல்லாம் தேதியோடு இதில் இருக்கும். நாளைக்கு யார் எடுத்துப் படித்தாலும் யார் சொன்னது சரி என்று தெரிய வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஏற்காட்டிலிருந்து சேலத்துக்குக் கிளம்பினோம். நான், சம்பூர்ணம், அறுபத்தெட்டு வயது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். பக்கத்து சீட்டில் அண்ணி பாவாயி, என் கணவரின் அக்கா, எழுபத்து நான்கு வயது. பதினைந்து வருஷமாக என்னோடுதான் இருக்கிறார். ஆகஸ்டில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் சேலத்தில் பிசியோதெரபி.

சாவி போட்டு வண்டி கிளம்பியதும் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக்கைப் பார்த்தேன். இறக்கித்தான் இருந்தது. இறங்கி பானெட்டைத் தூக்கினேன். பிரேக் ஆயில் டப்பாவில் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே ஆயில் நின்றது. அடியில் ஒழுகல் இல்லை. பிரேக்கை அழுத்தி மிதித்து அறுபது எண்ணும்வரை பிடித்தேன். கால் உள்ளே இறங்கவில்லை. பிரேக் நன்றாக இருக்கிறது, விளக்கு மட்டும் பொய் சொல்கிறது என்று முடிவு செய்து இரண்டாவது கியரில் இறங்கினேன்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். எண் கீழேயிருந்து மேலே ஏறும். இருபதில் எரிந்துகொண்டிருந்த விளக்கு ஏழாவது வளைவில் தானாக அணைந்தது. நேராக மெக்கானிக் லோகுவிடம் போனேன்.

"இப்ப எரியலையேம்மா."

"மேலே எரிஞ்சுது."

"ஹேண்ட் பிரேக்குக்கும் ஆயிலுக்கும் ஒரே லைட்டுதாம்மா. கொஞ்சூண்டு இழுத்தபடி விட்டாலும் எரியும். வயசானா இதெல்லாம் மறக்கிறது சகஜம்."

அண்ணி உள்ளே உட்கார்ந்தபடி சிரித்தார். அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

பனி. விளக்கு எரிந்தது. ஆறாவது வளைவில் அணைந்தது.

நான் விடவில்லை என்பதால் லோகு நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்தான். எங்கும் கசிவு இல்லை. பிரேக் கட்டைகள் பாதிக்கு மேல் இருக்கின்றன. "பிரேக் கல்லு மாதிரி இருக்கு, தைரியமா ஓட்டுங்க" என்றான். விளக்கைப் பற்றிக் கேட்டேன். ஹேண்ட் பிரேக்கைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஆயுத பூஜைக்கு அண்ணி பானெட்டில் வைத்த சந்தனம் இன்னும் போகவில்லை. பொட்டு என்றால் பொட்டாக இருக்க வேண்டும். ஒன்று வாலோடு இருக்கிறது, ஒன்று உள்ளங்கை அகலம். வருஷா வருஷம் வண்டிக்கு நான்தான் வைப்பேன். இந்த முறை "நீ ஸ்க்ரூடிரைவருக்கெல்லாம் வை, வண்டியை நான் பாத்துக்கிறேன்" என்று பிடிவாதம். இடது கையால் அப்பியிருக்கிறார். சாமி காரியத்துக்கு இடது கை ஆகாது என்று எனக்கு நாற்பது வருஷம் பாடம் எடுத்தவர்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஹேண்ட் பிரேக்கின் அடியில் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒற்றை ஒயர். மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி அந்த ஒயரைப் பிரித்து, டேப் சுற்றி ஒதுக்கி வைத்தேன். இப்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தாலும் விட்டாலும் விளக்குக்கு அதோடு சம்பந்தம் இல்லை.

சாவியைப் போட்டேன். எரிந்தது.

ஆக, ஹேண்ட் பிரேக் இல்லை. நான் மறக்கவும் இல்லை. நேரம் காலை 6.50.

பிறகு ஒயரைத் திரும்ப மாட்டினேன். வேலை சுத்தமாக முடிந்தது. எனக்கு ஐம்பத்தேழு வயதில் கணவர் இறந்த பிறகுதான் இந்த வண்டியின் கதவையே டிரைவர் பக்கம் திறந்தேன். வண்டியோடு வந்த புத்தகத்தைப் படித்து, எஸ்டேட் ரோட்டில் நானே பழகினேன். எக்ஸ்சேஞ்சிலும் அப்படித்தான். டெக்னீஷியன் பரீட்சைக்குப் பெண்கள் எதற்கு என்றார்கள். அவர்கள் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். பரீட்சை எழுத விடவில்லை. படித்ததைப் பிடுங்க முடியவில்லையே.

அக்டோபர் 22, செவ்வாய்

விளக்கு பதினான்காவது வளைவிலேயே அணைந்தது. இன்று வெயில்.

லோகுவிடம் ஒயர் சோதனையைச் சொன்னேன். "ஒயரைக் கழட்டுனீங்களா? ஏம்மா, உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்றான். சோதனை சரியா தப்பா என்பதற்குப் பதில் இல்லை.

அண்ணிக்கு வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி: ஒரு கிண்ணத்தில் இருக்கும் மிளகை வலது கை விரலால் ஒவ்வொன்றாக எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட வேண்டும். மூன்று மாதம் முக்கியம், ஒரு நாளும் விடக் கூடாது என்கிறாள் பிசியோ பெண். அண்ணியானால் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்கிறார். நான் பார்க்கும்போதெல்லாம் கை மடியில்தான் இருக்கிறது. கேட்டால், "நீ என்ன சூப்பர்வைசரா?"

அக்டோபர் 27, ஞாயிறு

காரணம் கண்டுபிடித்துவிட்டேன். சரிவு.

ஆயில் டப்பாவுக்குள் ஒரு மிதவை இருக்கிறது. ஆயில் குறைந்தால் மிதவை இறங்கும், உள்ளே சுவிட்ச் சேரும், விளக்கு எரியும். எங்கள் வாசல் சரிவு. இரவெல்லாம் சரிவில் நின்றால் ஆயில் ஒரு பக்கம் சாய்ந்து மிதவை அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. ஓடி ஓடிக் குலுங்கிய பின் விடுபடுகிறது. அண்ணியிடம் டம்ளரைச் சாய்த்துக் காட்டினேன். "காப்பி ஆறுது" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

வண்டியை நேற்று மாலையே பள்ளி மைதானத்தில் சமதளத்தில் விட்டேன். காலையில் போய்ச் சாவி போட்டேன். அப்போதும் எரிந்தது. மைதானம் சமமில்லை.

பின்குறிப்பு: ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். சமம்தான்.

அக்டோபர் 31, வியாழன், தீபாவளி

அண்ணியின் மகன் குமரவேல் திருப்பூரிலிருந்து வந்தான். நல்ல பையன்தான், ஐம்பது வயதாகிறது. காலையில் கோயிலுக்குப் போக அவன் என் வண்டியை எடுத்தான். பனி கொட்டியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து மூன்று முறை அமுக்கினான்.

"அத்தை, பிரேக் லைட்டு எரியுது."

"தெரியும். பதினேழு நாளா எரியுது."

சொல்லியிருக்கக் கூடாது. அவன் முகம் மாறிவிட்டது. இந்த விளக்கோடு இருபது வளைவு அவன் அம்மாவை இறக்கிக்கொண்டிருக்கிறேனா என்று கேட்டான். நான்கு சக்கரமும் பார்த்தாகிவிட்டது என்றேன். நோட்டைக் காட்டினேன். படிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னான்: "அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடறேன் அத்தை. ஆஸ்பத்திரி எங்க தெருவுலயே இருக்கு. உங்களுக்கும் பாரம் குறையும்."

அண்ணி பாயசக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை தீபம் வரை அவகாசம் கேட்டேன். அதற்குள் விளக்கு அணைந்தால் அண்ணி இங்கே. இல்லையென்றால் தீபத்தன்று வந்து அழைத்துப் போவான். அதுவரை அவன் அம்மாவை இந்த வண்டியில் ஏற்றக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

எனக்கொன்றும் இல்லை. ரேடியோ சத்தம் இருக்காது. காப்பியில் டிக்காஷன் போதவில்லை என்று காலையும் மாலையும் கேட்க வேண்டியதில்லை. எனக்குப் பிடிக்காதது வேறு. என் வண்டி மேல் ஒரு பொய்ப் புகாரை வைத்துக்கொண்டு அதைக் காரணமாக்கி ஒரு ஆளை அழைத்துப் போவது. அது மட்டும்தான்.

நவம்பர் 1, வெள்ளி

பஸ். அண்ணி வழியெல்லாம் வாந்தி.

நவம்பர் 5, செவ்வாய்

மறுபடி பஸ். அண்ணியை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து நான் வெளிப்பக்கம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் என் இடது கையைப் பிடித்துக்கொள்கிறார். இப்போது எழுதும்போது பார்க்கிறேன், நான்கு நகம் பதிந்திருக்கிறது. தோல் கன்றிவிட்டது. எழுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு பிடி.

"எனக்கென்ன, திருப்பூர்ல பஸ்ஸே ஏற வேண்டாம்" என்றார் இறங்கும்போது.

"போங்களேன். யார் தடுத்தா?"

"நான் போயிட்டா நீ யாரோட சண்டை போடுவே?"

"லோகு இருக்கான்."

நவம்பர் 8, வெள்ளி

அண்ணியைப் பஸ்ஸில் அனுப்ப முடியவில்லை, ஜுரம். நான் மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு லோகுவிடம் போனேன். இந்த முறை கெஞ்சவில்லை. "மிதவை மூடியோடதான் வரும், புது மூடி போடு" என்றேன். பழைய மிதவை ஆயிலை உறிஞ்சிக் கனத்து, பாதி மூழ்கியிருக்கலாம் என்று இரண்டு நாளாக யோசித்திருந்தேன். லோகு முதல்முறையாகத் தலையை ஆட்டினான். "அது நடக்கிறதுதாம்மா" என்றான். அவனே புது மூடியைத் திருகி, இரண்டு ஒயரும் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் முனையை அதன் தலையில் செருகினான். அதைக் கப்ளர் என்கிறான். சாவி போட்டோம். விளக்கு இல்லை. மதியம் பன்னிரண்டு மணி, சேலத்து வெயில்.

பழைய மூடியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். சாட்சி.

நவம்பர் 9, சனி

விளக்கு இல்லை. நல்ல வெயில்.

நவம்பர் 10, ஞாயிறு

விளக்கு இல்லை. குமரவேலுக்குப் போன் செய்து சொன்னேன். "சந்தோஷம் அத்தை. ஒரு வாரம் பாருங்க" என்றான். அண்ணி பெட்டியில் எடுத்து வைத்திருந்த இரண்டு புடவையை மறுபடி பீரோவில் வைத்தார். எப்போது எடுத்து வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

எரிகிறது.

நவம்பர் 12, செவ்வாய்

பஸ். வேறு எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 19, செவ்வாய்

பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்தோம். ஒரு நாள் பயிற்சி போயிற்று. பிசியோ பெண் போனில், "ஏன் பாட்டி வரல? இந்த மாசம்தான் கை நல்லாத் திறக்கும்" என்றாள். இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை. மிளகுக் கிண்ணத்தை மட்டும் எடுத்து அவர் பக்கத்தில் சத்தத்தோடு வைத்தேன்.

பழைய மூடியைத் தண்ணீர்ச் சொம்பில் போட்டுச் சோதித்தேன். மிதவை அழகாக மிதக்கிறது. அதில் ஒரு குற்றமும் இல்லை. நான் அதன் மேல் பழி போட்டேன், லோகு என் மேல் போட்டது போல.

நவம்பர் 26, செவ்வாய்

ஒரு வேடிக்கை. சமையலறையில் மிளகு டப்பா காலி. கிண்ணத்தில் இருப்பது புது மிளகு. பழையது எங்கே என்று கேட்டேன். "ரசத்துல போட்டுட்டேன். ஒரே மிளகை எத்தனை தடவை எடுக்கிறது? தோலே உரிஞ்சு போச்சு" என்றார்.

தோல் உரியும் அளவுக்கு மிளகை யார் எடுத்தது? நான் தோட்டத்தில் இருக்கும்போது இரண்டு மணி நேரம் வீட்டில் ரேடியோ பாடுகிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

டிசம்பர் 3, செவ்வாய்

மூன்று நாளாக மழை. பஸ் இல்லை. வண்டியை எடுக்கவில்லை. சும்மா சாவி மட்டும் போட்டேன். மூன்று நாளும் எரிந்தது, அரை மணி எஞ்சினை ஓட விட்டும் அணையவில்லை.

தீபத்துக்குப் பத்து நாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

குமரவேல் வீட்டுப் போனில் கூப்பிட்டான். மழையில் லைன் ஒரே கரகரப்பு.

"அத்தை, வெள்ளிக்கிழமை காலைல... கர்ர்ர்... அம்மா துணியெல்லாம்... கர்ர்ர்..."

"லைன்ல ஈரம் ஏறியிருக்கு, கத்திப் பேசு" என்றேன்.

சொன்ன வாயோடு அப்படியே நின்றேன். ரிசீவரில் அவன் "அத்தை, அத்தை" என்கிறான்.

எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம். ஒவ்வொரு மழைக்காலமும் இதே கரகரப்பு. இணைப்பில் ஈரம் ஏறினால் சேரக் கூடாத இரண்டு ஒயர் சேர்ந்துகொள்ளும். வெயில் வந்தால் தானாகச் சரியாகும். லைன்மேன் போய்ப் பார்க்கும்போது பழுது இருக்காது, அவர் எழுதி வைப்பார்: பழுது காணப்படவில்லை. புகார் கொடுத்தவரைத் திட்டுவார். எத்தனை பேருக்கு நானே அந்தப் பதிலைப் படித்துக் காட்டியிருக்கிறேன்!

போனை வைத்துவிட்டு இந்த நோட்டைப் புரட்டினேன். எல்லாம் இதிலேயே இருக்கிறது. வெயிலடித்த நாளில் பதினான்காவது வளைவு. பனியில் ஏழு, ஆறு. மழையில் அணையவே இல்லை. சேலத்து மதியத்தில் ஒருநாளும் எரியவில்லை. சரிவு இல்லை, மிதவை இல்லை. ஈரம். என் கையால் எழுதி, என் கண்ணால் படிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆயில் டப்பாவின் மூடி புதிது. அதில் செருகும் கப்ளர்தான் பழையது.

டிசம்பர் 9, திங்கள்

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஏழரை. மூடுபனி. சாவி போட்டேன், எரிந்தது. கப்ளரை மூடியிலிருந்து பிடுங்கினேன். விளக்கு அணைந்தது. திரும்பச் செருகினேன், எரிந்தது. மூன்று முறை. சந்தேகமே இல்லை.

மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துக் கப்ளருக்குள் பார்த்தேன். இரண்டு பித்தளைத் துளைகள் இருக்க வேண்டும். இரண்டும் தெரியவில்லை. நடுவில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. பூசணம் என்று நினைத்தேன். ஊசியால் கிளறினேன். வாசனை வந்தது.

சந்தனம். உள்ளே குங்குமமும்.

ஊதிக் காய வைத்துச் செருகினேன், விளக்கு இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், எரிந்தது. காய்ந்தால் சும்மா இருக்கிறது, நனைந்தால், மூடியின் முள் உள்ளே அழுந்தும்போது, இரண்டு ஒயருக்கும் பாலம் போடுகிறது. எட்டு வாரமாக நான் தேடியது ஒரு பொட்டு.

உள்ளே போனேன். அண்ணி ரேடியோ முன்னால் இருந்தார்.

"ஆயுத பூஜை அன்னிக்கு வண்டி முன்னாடி எதுக்கெல்லாம் பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான். பேட்டரிக்கு, தண்ணி டப்பாவுக்கு. நீதானே எல்லாத்தையும் துடைச்சுத் திறந்து போட்டுட்டுப் பூசணிக்காய் வாங்கப் போனே? ஒரு ஒயரு வாயைப் பிளந்துக்கிட்டு மேலே பாத்துக் கிடந்துச்சு. அதுக்கும் ஒண்ணு வெச்சேன். பாவம், அதை மட்டும் ஏன் விடணும்?"

எனக்கு ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் பூஜைக்கு முன்னால் கப்ளர்களைப் பிரித்துத் துடைத்துக் காய வைப்பவள் நான். திரும்பி வந்து, நல்ல நேரம் முடிகிறதென்று அவசரமாக எல்லாவற்றையும் செருகியவளும் நான். கண்ணாடி போடவில்லை. பார்க்காமல் செருகினேன். இதை இந்த நோட்டில் எழுதியாகிவிட்டது. வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை.

"அவ்வளவு சின்ன ஓட்டைக்குள்ள எப்படிப் போச்சு?"

அண்ணி ரேடியோவை அணைத்தார். அவர் தானாக ரேடியோவை அணைத்து நான் பார்த்ததில்லை.

"விரல் நான் சொன்ன இடத்துல நிக்கல. தொட்டுட்டு எடுக்கணும்னு நினைக்கிறேன், அது அங்கேயே அமுத்திக்கிட்டு இருக்கு. விடவே மாட்டேங்குது. அப்புறம் இந்தக் கையால பிடிச்சு இழுத்தேன்." இடது கையைக் காட்டினார்.

"அப்ப பொட்டு வெச்சது..."

"சாமி காரியத்துக்கு நொட்டாங்கையாலயா வெப்பேன்? என்னை என்னன்னு நினைச்சே?"

அக்டோபர் பதினொன்று. கை விழுந்து இரண்டே மாதம். அன்றைக்கே அந்த விரல் சந்தனத்தில் தோய்ந்து, ஒரு ஆளின் எடைக்கு அழுத்தியிருக்கிறது. நான் பானெட்டில் இருந்த வால் நீண்ட பொட்டுகளைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"கோணையா வெச்சிருக்கேன்னு நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டே. நேரா வரட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், நான் வெச்ச பொட்டாலதான் வண்டி கெட்டுப் போச்சா?"

"இல்லை. ஈரம்" என்றேன்.

அது பொய் இல்லை.

ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியும் கொண்டு கப்ளரைச் சுத்தம் செய்தேன். எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன்கள் செய்வதைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன், செய்ய விட்டதில்லை. நன்றாக வருகிறது. அடுப்புப் பக்கத்தில் காய வைத்து, துளைகள் இரண்டும் பளிச்சென்று தெரிகிறதா என்று கண்ணாடியோடு பார்த்து, பிறகு செருகினேன். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலால் மேலே நாலு முறை அடித்தேன்.

விளக்கு இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

பனி. விளக்கு இல்லை. வாக்கு வாக்குதான் என்பதால் அண்ணியைப் பஸ்ஸிலேயே அழைத்துப் போனேன். இன்று வளைவுகளில் என் கையைப் பிடிக்கவில்லை. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

போகிற வழியில் லோகுவின் பட்டறைக்குப் போய் ஒரு பை மிளகு கொடுத்தேன்.

"எதுக்கும்மா?"

"விளக்கு நின்னுடுச்சு. கப்ளர்ல ஈரம்."

யோசித்தான். "ஆக, ஹேண்ட் பிரேக் இல்ல."

"இல்லை."

"நீங்க சொன்ன மூடியும் இல்ல."

"இல்லை."

"சரி, ஆளுக்கு ஒரு தப்பு" என்று சிரித்தான். பிறகு, "கப்ளரை நான்தாம்மா கையில பிடிச்சுச் செருகினேன். உள்ளே பாக்கலை" என்றான். ஒத்துக்கொண்டதால் இன்று முதல் லோகு சொன்னார் என்றே எழுதலாம். யோசிக்கிறேன்.

டிசம்பர் 11, புதன்

பனி. இல்லை.

டிசம்பர் 12, வியாழன்

மழை. இல்லை. மழையில் இல்லை!

அண்ணியின் பெட்டி கூடத்தில் இருக்கிறது. அவர் அடுக்கியதைப் பிரிக்கவில்லை, நானும் பிரி என்று சொல்லவில்லை. மகன் கண்ணால் பார்க்க வேண்டும். அகல் விளக்குகளைக் கழுவி வெயில் இல்லாததால் துணியில் துடைத்து வைத்தேன். நாற்பத்தெட்டு. இரண்டு பேருக்கு இது அதிகமா, ஒரு ஆளுக்கு இது அதிகமா என்று யோசித்துக்கொண்டே துடைத்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி, கார்த்திகை தீபம்

குமரவேல் ஏழு மணிக்கே வந்துவிட்டான். வெளியே எதிர் வேலியின் சில்வர் ஓக் மரம் தெரியாத அளவுக்குப் பனி. இதைவிட நல்ல காலை எனக்கு வாய்த்திருக்காது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை, பிசியோ இருக்கு. நீயும் வண்டியில வா. பார்த்துட்டு முடிவு பண்ணு" என்றேன். அவன் பின் சீட்டின் நடுவில் உட்கார்ந்து, இரண்டு சீட்டுக்கும் இடையே தலையை நீட்டிக்கொண்டான். அவன் அம்மா என் பக்கத்தில். பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைப் போட்டேன். எஞ்சின் ஓடியது.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுதே அத்தை" என்றான். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஹேண்ட் பிரேக் மேலே இருக்கிறது, வாசல் சரிவு, அது எரியத்தான் வேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் அண்ணியின் வலது கை மடியிலிருந்து எழுந்தது.

ஹேண்ட் பிரேக்கின் பிடி அவர் சீட்டுக்கும் என் சீட்டுக்கும் நடுவில், அவர் வலது கை விழும் இடத்தில்தான் இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து தீபாவளி வரை ஒவ்வொரு செவ்வாயும் வெள்ளியும் அந்தக் கை அதன் பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. இப்போது விரல்கள் ஒவ்வொன்றாக அதைச் சுற்றின. சுண்டுவிரல் கடைசியாக வந்தது. கட்டைவிரல் நுனிப் பொத்தானைத் தேடியது, வழுக்கியது, மறுபடி தேடியது. முதலில் கொஞ்சம் மேலே இழுத்தால்தான் பொத்தான் அமுங்கும். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. பார்த்தே படித்திருக்கிறார். நான் உதவிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"எடு கையை" என்றார்.

எடுத்தேன்.

இழுத்தார். பொத்தான் அமுங்கியது. பிடி கீழே இறங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

குமரவேல் விளக்கு இருந்த இடத்தைப் பார்க்கவில்லை, அவன் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது இன்னும் பிடியின் மேலேயே இருந்தது.

"எப்பம்மா..." என்றான்.

"பேசாம வா. உன் அத்தை ஓட்டும்போது பேசினா அவளுக்குப் பிடிக்காது."

இருபதாவது வளைவு. பத்தொன்பது. பதினான்கு. பனி அடர்ந்துதான் இருந்தது. விளக்கு எரியவில்லை. ஏழாவது வளைவில் வெயில் வந்தது. அணைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. பின் சீட்டில் குமரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தை, அந்த நோட்டைக் குடுங்க, படிக்கிறேன்" என்றான்.

"பஸ் நகக்குறி வரைக்கும் எல்லாம் அதுல இருக்கு. வீட்டுக்குப் போய்ப் படி" என்றேன். ஒன்பதாம் தேதிப் பக்கத்தை மட்டும் கிளிப் போட்டு மூடிக் கொடுக்க வேண்டும்.

மாலையில் நாற்பத்தெட்டு அகலும் ஏற்றினோம். குமரவேல் தனியாகத் திருப்பூர் கிளம்பினான், பொங்கலுக்கு வருகிறானாம். பெட்டியை நான் பிரிக்கவில்லை. அண்ணியே பிரித்துக்கொண்டிருக்கிறார், வலது கையால், ஒவ்வொரு புடவையாக, சாவகாசமாக. இப்போது மறைத்துச் செய்யவில்லை. காப்பியில் டிக்காஷன் போதவில்லை என்று இரண்டு முறை சொல்லிவிட்டார்.

வண்டி நிலவரம்: பிரேக் ஆயில் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே. விளக்கு இல்லை. ஹேண்ட் பிரேக் பொத்தான் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். விடப்போவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் அதை இறக்குவது அண்ணியின் வேலை.